காவல் நாய் நொண்டினால் மூட்டு நீர் சோதனை

தோட்டம் காக்கும் நாய் வயதானபின் காலையில் எழும்போது நொண்டினால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். மூட்டில் சீழ் பிடித்தும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கால்நடை மருத்துவர் சில துளி மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதித்து, எதுவென்று கண்டறிவார்.

நல்ல மூட்டு நீர் தெளிவாக, முட்டை வெண்கரு போல் பிசுபிசுத்து, நூலாக இழுபடும். தேய்மானத்தில் சற்று நீர்த்துப்போகும். வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்குப் பெரும்பாலும் 5,000க்குள் இருக்கும். சீழ் பிடித்தால் நீர் கலங்கி, அணுக்கள் பல்லாயிரமாகப் பெருகும்.

தேய்மானம் என்றால், பருத்த நாயின் எடையைக் குறைப்பதே முதல் வைத்தியம். மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. குடல் புண், சிறுநீரகக் கேடு வந்து நாய் இறக்கவும் கூடும். அடையாறு வட்டாரத்தினர், 1903ல் தொடங்கி இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம்.