மகேந்திரலால் சர்க்கார்: ஹோமியோபதிக்கு மாறிய எம்.டி.

சீர்காழியில் எங்கள் தெருவில் குழந்தைக்கு காய்ச்சல் என்றால் பல வீடுகளில் முதலில் கைக்கு வருவது சின்ன சீசாவில் இருக்கும் வெள்ளை இனிப்பு உருண்டைதான். இந்தப் பக்கத்துக்கு ஹோமியோபதி ஒன்றும் புதுசில்லை. 1840-களிலேயே சாமுவேல் புரூக்கிங் என்ற ஆங்கிலேய டாக்டர் தஞ்சாவூரில் ஹோமியோபதி ஆஸ்பத்திரி நடத்தியிருக்கிறார். ஆனா இந்த வைத்தியத்துக்காகத் தன் பிழைப்பையே பணயம் வைத்தவர் யாருன்னு தேடினால் கல்கத்தாவுக்குத்தான் போகணும்.

மகேந்திரலால் சர்க்கார் 1833-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். 1863-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் வாங்கினார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது ஆள் இவர். அதே வருஷம் டாக்டர்கள் சங்கம் தொடங்கியபோது, ஹோமியோபதியை வெறும் ஏமாற்று என்று மேடையில் சாடினார்.

பிறகு மார்கன் என்பவர் ஹோமியோபதி பற்றி எழுதிய புத்தகம் விமர்சனத்துக்காக இவர் கைக்கு வந்தது. படிச்சுட்டுத் திட்டி எழுதியிருக்கலாம். அதற்கு முன்னால் நேரில் பார்த்துவிடுவோம் என்று ராஜேந்திரலால் தத்தர் வைத்தியம் பார்த்த நோயாளிகளைக் கவனித்தார். மனம் மாறிவிட்டது. 1867 பிப்ரவரி 16 அன்று அதே சங்கத்தில் எழுந்து அதைச் சொன்னார். கூட்டத்தில் பெரிய ரகளை. சக டாக்டர்கள் ஒதுக்கினார்கள், நோயாளிகளும் வராமல் போனார்கள். அடுத்த வருஷமே சொந்தமாக ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். 1885-ல் தொண்டைப் புற்றுநோயால் அவதிப்பட்ட ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு வைத்தியம் பார்த்ததும் இவர்தான்.

இவ்வளவு படித்தவர் ஏன் மாறினார்? அந்தக் கால அலோபதியைப் பாருங்க: ரத்தத்தை வடிப்பது, பாதரச மருந்து, கடும் பேதி. நோயைவிட வைத்தியம்தான் ஆளை வாட்டியது. உருண்டை கொடுத்து சும்மா விட்டால் பலருக்கு உடம்பு தானாகத் தேறியிருக்கும். ஆனால் மருந்து கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் என்று பிரித்து ஒப்பிடும் பழக்கம் அன்று பரவவில்லை. தேறியதை மட்டும் கண் பார்த்தது.

சீசா மேல் 30 என்று போட்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படி 30 தடவை. 12 தடவையிலேயே மூல மருந்தின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது சந்தேகம். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழு பல ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-ல் சொல்லிவிட்டது.

அப்போ சர்க்கார் தோற்றவரா? 1876-ல் இந்தியர்கள் தாங்களே சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று நன்கொடை திரட்டி, பௌபஜார் தெருவில் ஒரு அறிவியல் சங்கத்தை நிறுவினார். 1904-ல் அவர் காலமாகி மூன்று வருஷம் கழித்து, அரசு நிதித்துறை வேலைக்காக கல்கத்தா வந்த ஒரு தமிழ் இளைஞர் அந்த சங்கத்துக்குள் நுழைந்தார். சி.வி. ராமன். 1928-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான்.

புத்தகத்தைத் திட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்தாரே, அந்தப் பழக்கம்தான் சங்கமாகவும் ஆனது. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கலைன்னா இன்னொரு உருண்டைக்கு சீசாவைத் திறக்காதீங்க. டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்க.