உஷார்! விதைத் தொட்டியில் ஆசிட் ஊற்றாதீர்கள்

வீனஸ் ஃபிளைட்ராப் விதை வாங்கி வைத்திருக்கிறீர்களா? மண்ணைப் புளிக்க வைக்க வினிகரோ எலுமிச்சைச் சாறோ எடுத்திருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். "பூச்சி தின்னும் செடிக்கு அமில மண் வேண்டும்" என்று கேள்விப்பட்டு, தோட்டத்து மண்ணில் படிகாரம், கந்தகத் தூள் என்று எதை எதையோ கலக்கிறார்கள். பேட்டரி ஆசிட் வரை போகிறவர்களும் உண்டு. அது கந்தக அமிலம். செடி இருக்கட்டும், உங்கள் கண்ணே போய்விடும்!

அமிலம் வேண்டும் என்பது சரிதான். அமெரிக்காவின் வட, தென் கரோலைனா கடலோர ஈர நிலங்கள்தான் இந்தச் செடியின் சொந்த மண். தொட்டியில் பி.எச். 4 முதல் 5 வரை இருந்தால் நல்லது. ஆனால் அந்த மண் அமிலமானது மட்டுமல்ல, சத்தே இல்லாதது. அதனால்தான் செடி பூச்சி பிடிக்கிறது. உப்பும் உரமும் அதன் வேருக்கு விஷம். சுண்ணாம்புள்ள மண்ணில் அமிலம் ஊற்றினால் நுரைத்துப் போவது கார்பனேட் மட்டுமே. கால்சியம் வேறு உப்பாக மாறித் தொட்டியிலேயே தங்கிவிடும். பி.எச். இறங்கியது என்று நீங்கள் மகிழும்போது, நூல் போன்ற அந்த வேர் உப்பில் கருகிக்கொண்டிருக்கும். கந்தகமோ மண்ணின் பாக்டீரியா அதை அமிலமாக மாற்றிய பிறகுதான் வேலை செய்யும்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இயல்பிலேயே அமிலமான ஸ்பாக்னம் பீட் மாஸை வாங்குங்கள். பெர்லைட்டைச் சரிபாதி கலந்தால் போதும். பை மேல் எழுதியிருப்பதைக் கட்டாயம் படியுங்கள். சுண்ணாம்போ உரமோ சேர்த்ததென்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். பீட்டுக்குப் பதில் கோகோ பீட் போதுமே என்பார்கள். அதில் உப்பு நிறைய இருக்கும், பி.எச்.சும் 5.5-க்கு மேல்தான். 'பஃபர்' செய்தது என்றால் பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட்டில் ஊறியிருக்கும். விதைக்கு அது வேண்டவே வேண்டாம்.

பெர்லைட் கிடைக்காமல் மணல் சேர்க்கிறீர்களா? ஒரு ஸ்பூன் மணலைத் தட்டில் போட்டு நாலு சொட்டு வினிகர் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழி கிளம்பினால் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். வினிகருக்கு இங்கே உள்ள ஒரே வேலை இதுதான். சிமென்ட் தொட்டியும் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியே நல்லது.

இத்தனையும் செய்துவிட்டு போர் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் வீண். அதிலுள்ள பைகார்பனேட் பீட்டின் அமிலத்தை நாளுக்கு நாள் தின்றுவிடும். மழைநீர் பிடித்து வையுங்கள். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் என்றால் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள், 50-க்குள் இருக்க வேண்டும். பல மெஷின்களில் ருசிக்காக மினரலைத் திரும்பச் சேர்க்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவு பி.எச். மீட்டரையும் நம்பாதீர்கள், பீட்டில் அது கண்டபடி காட்டும்.

ஏற்கெனவே எதையாவது ஊற்றிவிட்டீர்களா? விதை இன்னும் முளைக்கவில்லையென்றால், மேலாக ஒட்டியிருக்கும் அந்தக் கறுப்பு மணிகளை ஈரத் தூரிகையால் இன்றே தொட்டு எடுத்துப் புது பீட்டின் மேல் வையுங்கள், மூடிவிடாதீர்கள். முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். அடி ஓட்டை வழியாக நன்றாக வடியும்வரை மழைநீரை மெல்ல ஊற்றி அலசுங்கள், மறுநாளும் அலசுங்கள்.