'தி வாக்கிங் டெட்' வரைகதையின் முடிவும் வாசகர் எதிர்வினைகளும்

'தி வாக்கிங் டெட்' அமெரிக்காவில் 2003 அக்டோபர் முதல் 2019 ஜூலை வரை 193 இதழ்களாக வெளிவந்த கறுப்பு வெள்ளை வரைகதைத் தொடர். இறந்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கியபின் அரசும் சட்டமும் குலைந்துபோன உலகில் எஞ்சியிருக்கும் மனிதர்களின் கதை இது. 16 ஆண்டுகள் நீடித்த இத்தொடர் 193-ஆம் இதழோடு எந்த முன்னறிவிப்பும் இன்றி முடிந்தது. கையில் இருப்பது கடைசி இதழ் என்பதை வாசகர்கள் பலர் அதைப் படித்து முடிக்கும்போதுதான் அறிந்தனர். இந்த முடிவு அதிர்ச்சி, கோபம், நிறைவு ஆகிய மூன்றையும் ஒருசேர எழுப்பியது. தொடர்கதை ஒன்றை முடிப்பது எப்படி, அதில் வாசகருக்கு என்ன உரிமை உண்டு என்ற கேள்விகளுக்கு இது இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

தொடரின் பின்னணி

தொடரை எழுதியவர் ராபர்ட் கிர்க்மன். முதல் 6 இதழ்களுக்கு டோனி மூர் ஓவியம் வரைந்தார். 7-ஆம் இதழிலிருந்து இறுதிவரை வரைந்தவர் சார்லி அட்லார்ட். வெளியிட்டது இமேஜ் காமிக்ஸ். சூப்பர்மேன், பேட்மேன் போன்ற பாத்திரங்கள் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. எழுத்தாளர்கள் மாறினாலும் அவற்றின் கதைகள் தொடர்ந்துகொண்டே இருக்கும். இமேஜ் காமிக்ஸில் படைப்பின் உரிமை படைப்பாளிகளிடமே இருக்கிறது. ஆகவே தொடரை எப்போது நிறுத்துவது என்பதைக் கிர்க்மனால் தீர்மானிக்க முடிந்தது. நன்றாக விற்பனையான ஒரு தொடர் அப்படி நிறுத்தப்பட்டது அமெரிக்க வரைகதை உலகில் அரிதான செய்தி.

கதையின் நாயகன் ரிக் கிரைம்ஸ். கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த காவலன். குண்டடிபட்டு நினைவிழந்து கிடந்தவன் மருத்துவமனையில் கண்விழிக்கும்போது உலகம் அழிந்திருக்கிறது. மனைவி லோரியையும் ஏழு வயது மகன் கார்லையும் தேடிக் கண்டடைகிறான். அதன்பின் சிறைச்சாலை, அலெக்சாண்ட்ரியா குடியிருப்பு, நீகன் என்னும் கொடுங்கோலனுடனான போர் என்று கதை விரிகிறது. இறுதிப் பகுதியில் சுமார் 50,000 பேர் வாழும் காமன்வெல்த் என்னும் நகரம் வருகிறது.

இந்தக் கதையுலகில் யாரும் பாதுகாப்பாக இல்லை. 28-ஆம் இதழில் ரிக் தன் வலக்கையை இழக்கிறான். 48-ஆம் இதழில் லோரியும் கைக்குழந்தையும் கொல்லப்படுகிறார்கள். வாசகர்களின் அன்பைப் பெற்ற கிளென் 100-ஆம் இதழில் நீகனால் அடித்துக் கொல்லப்படுகிறான். மரணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதே தொடரின் அடிப்படை விதி. வாசகர்கள் அந்த விதியை ஏற்றுக்கொண்டே தொடர்ந்து வாசித்தார்கள்.

தமிழில் நடைபிணம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நடக்கும் பிணம் என்பது நேர்ப்பொருள். வாழ்வில் பிடிப்பை இழந்து உயிரோடு மட்டும் இருப்பவரையும் அப்படிச் சொல்வோம். தொடரின் தலைப்பும் இப்படி இரட்டைப் பொருள் கொண்டது. தலைப்பு குறிப்பது எழுந்து வரும் பிணங்களை அல்ல, எஞ்சியிருக்கும் தங்களைத்தான் என்று 24-ஆம் இதழில் ரிக் தன் கூட்டத்தாரிடம் சொல்கிறான். அவர்கள் மீண்டும் மனிதர்களாக வாழ முடியுமா என்பதே தொடர் முழுவதும் ஓடும் கேள்வி.

முடிவில்லாக் கதை என்ற வாக்குறுதி

முதல் தொகுப்பின் முன்னுரையில் கிர்க்மன் தன் நோக்கத்தை எழுதியிருந்தார். நடைபிணத் திரைப்படங்களில் தனக்குப் பிடிக்காத இடம் அவற்றின் முடிவு என்றார். ஓரிருவர் தப்பிச் சென்றதும் படம் முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதே தன் ஆர்வம் என்றும், இது முடிவே இல்லாத நடைபிணக் கதையாக இருக்கும் என்றும் குறிப்பிட்டார். பின்னாளில் 300 இதழ்கள் வரை கொண்டுசெல்லும் விருப்பத்தையும் வெளிப்படுத்தினார்.

இதழின் பின்பக்கங்களில் வாசகர் கடிதப் பகுதியும் இருந்தது. கடிதங்களுக்குக் கிர்க்மனே கேலியும் உரிமையுமாகப் பதில் எழுதினார். ஆண்டுக்கணக்கில் நடந்த இந்த உரையாடல் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே ஒரு நெருக்கத்தை உருவாக்கியது. முடிவு வெளியானபோது எழுந்த உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ள இந்த நெருக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இறுதி இரண்டு இதழ்கள்

காமன்வெல்த் நகரத்தில் வர்க்க வேறுபாடு நிலவுகிறது. ஆளுநர் பமீலா மில்டனின் ஆட்சிக்கு எதிராக மக்கள் எழும்போது ரிக் இரத்தக்களரியைத் தடுக்கிறான். ஆனால் தன் வசதிகள் பறிபோன ஆத்திரத்தில் ஆளுநரின் மகன் செபாஸ்டியன் இரவில் ரிக்கின் அறைக்கு வந்து அவனைச் சுடுகிறான். 192-ஆம் இதழில் ரிக் இறக்கிறான். மறுநாள் காலையில் நடைபிணமாக எழுந்து நிற்கும் தந்தையைக் கார்ல் தன் கையாலேயே சுட நேர்கிறது.

193-ஆம் இதழ் 2019 ஜூலை 3 அன்று வெளியானது. வழக்கமான இதழைவிட ஏறத்தாழ மும்மடங்கு பெரியது. கதை இருபது ஆண்டுகளுக்கும் மேல் தாவிச் செல்கிறது. கார்ல் இப்போது வளர்ந்த மனிதன். சிறுவயதுத் தோழி சோபியா அவன் மனைவி. ஆண்ட்ரியா என்று ஒரு மகள். நடைபிணங்கள் அநேகமாக ஒழிந்துவிட்டன. ஊர்களை இணைக்க இருப்புப்பாதை போடப்படுகிறது. ரிக்குக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

கிளெனின் மகன் ஹெர்ஷல் நடைபிணங்களைக் கூண்டில் அடைத்து ஊர் ஊராகக் காட்சி நடத்திப் பிழைக்கிறான். அவற்றுள் ஒன்று தப்பிக் கார்லின் நிலத்துக்குள் வர, கார்ல் அதை அழிக்கிறான். பிறர் உடைமையை அழித்த குற்றத்துக்காக விசாரிக்கப்படுகிறான். அச்சம் நிறைந்த காலத்தைப் பார்த்திராத தலைமுறைக்கு நடைபிணம் ஒரு வேடிக்கைப் பொருளாகிவிட்டது என்பதே அவன் கோபம். நீதிபதியாக இருப்பவள் ரிக்கின் பழைய தோழி மிஷோன். அவளிடம் அவன் விடுதலை பெறுகிறான். கடைசிப் பக்கங்களில் கார்ல் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, தன் தந்தையைப் பற்றிய கதைப் புத்தகத்தை மகளுக்கு வாசித்துக் காட்டுகிறான். தொடர் அங்கே நிறைவடைகிறது.

மறைக்கப்பட்ட செய்தி

அமெரிக்க வரைகதைக் கடைகள் இதழ்களை ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே பட்டியலைப் பார்த்துப் பதிவுசெய்கின்றன. எத்தனை பிரதிகள் வாங்குவது என்பதை அட்டைப்படத்தையும் சிறு அறிமுகத்தையும் வைத்தே கடைக்காரர் முடிவெடுக்க வேண்டும். முடிவை மறைக்க விரும்பிய கிர்க்மன் குழுவினர், வராத 194-ஆம் இதழுக்கும் அதற்கு அடுத்து வரவேண்டியதற்கும் அட்டைப்படங்களை வரைந்து, அறிமுகக் குறிப்புகளோடு பட்டியலில் இடம்பெறச் செய்தனர். அந்த இதழ்கள் எழுதப்படவே இல்லை.

கதை முடியப்போவது முன்பே தெரிந்தால் வாசிப்பின் இன்பம் குறைந்துவிடும் என்று கிர்க்மன் கடைசி இதழில் எழுதிய நீண்ட கடிதத்தில் விளக்கினார். திரைப்படம் பார்க்கும்போது இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று மனம் கணக்குப் போடுவதை உதாரணமாகக் காட்டினார். சிலர் கோபப்படுவார்கள் என்பதையும் உணர்ந்தே எழுதியிருந்தார்.

எதிர்வினைகளின் வகைகள்

வாசகர்களிடையே எழுந்த கருத்துகளை இரண்டு கேள்விகளின் கீழ்த் தொகுக்கலாம். ஒன்று, தொடர் முடிக்கப்பட்ட முறை சரியா? மற்றொன்று, முடிவாகச் சொல்லப்பட்ட கதை சரியா? விவாதங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் கலந்தே பேசப்பட்டன.

முறையைப் பாராட்டியவர்கள், இணையத்தில் எல்லாச் செய்தியும் முன்கூட்டியே கசிந்துவிடும் காலத்தில் உண்மையான வியப்பைத் தந்ததே அரிய செயல் என்றனர். எதிர்த்தவர்கள், நீண்டகாலம் உடன்வந்தவர்களுக்கு விடைபெற நேரம் தரப்படவில்லை என்று வருந்தினர். முதல் இதழை 15 வயதில் வாங்கிய ஒருவருக்குக் கடைசி இதழ் வந்தபோது 31 வயது. மாதந்தோறும் கடைக்குப் போவது அவர் வாழ்வில் ஒரு பழக்கமாகியிருக்கும். அது திடீரென்று நின்றது. சில்லறைக் கடைக்காரர்களின் குறை வேறுவிதமானது. கடைசி இதழ் என்று தெரிந்திருந்தால் கூடுதல் பிரதிகள் வாங்கியிருப்பார்கள். தேவைக்கேற்ற பிரதிகள் கைவசம் இல்லாததால், மறுஅச்சுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

கதையைப் பற்றிய கருத்துகளிலும் பிளவு இருந்தது. ரிக்கின் மரணம் அவன் தகுதிக்கு ஏற்றதல்ல என்று ஒரு தரப்பு கருதியது. எத்தனையோ போர்களில் பிழைத்தவன் கெட்டுப்போன ஒரு செல்வந்த இளைஞனின் கையில் சாவதா என்று கேட்டனர். மறுதரப்பு அதையே தொடரின் நேர்மை என்றது. பெரிய வீரர்களும் அற்பக் காரணங்களால் சாவது உலக இயல்பு என்பது அவர்கள் வாதம்.

காலத் தாவலும் விவாதிக்கப்பட்டது. ரிக் இறந்தபின் காமன்வெல்த் எப்படி மாறியது, மேகி எப்படி அதன் தலைமைக்கு வந்தாள் என்பவை காட்டப்படவில்லை. நீகன் நேரில் தோன்றுவதில்லை. அவன் வீட்டு வாசலில் கார்ல் பொருள்களை வைத்துவிட்டுத் திரும்புவதோடு சரி. நூறு இதழ்களில் சொல்லவேண்டியதை ஓர் இதழில் அடக்கிவிட்டார்கள் என்ற குறை இதனால் எழுந்தது. நோய் எப்படித் தோன்றியது என்பதையும் தொடர் விளக்கவில்லை.

கைவிடப்பட்ட முதல் முடிவு

தன் மனத்தில் முதலில் இருந்த முடிவையும் கிர்க்மன் அதே கடிதத்தில் வெளியிட்டார். ரிக்கின் கூட்டம் அலெக்சாண்ட்ரியாவை அடைந்ததும் அவன் நம்பிக்கையூட்டும் ஓர் உரை ஆற்றுவான். அவன் முகம் அப்படியே சிலையாக மாறும். அவன் வென்றுவிட்டான் என்று வாசகர் எண்ணும்போது, சிலை சிதைந்து கொடி படர்ந்திருப்பது தெரியும். அதைக் கடந்து நடைபிணங்கள் போகும். மனிதர்கள் எவரும் எஞ்சவில்லை என்பது பொருள். அந்த முடிவு கதை முழுவதையும் வீணாக்கிவிடும் என்று உணர்ந்து அதைக் கைவிட்டதாக அவர் எழுதினார்.

இரண்டு முடிவுகளிலும் சிலை உண்டு. ஒன்றில் அதைப் பார்க்க ஆளில்லை. மற்றதில் அதன் நிழலில் ஒரு சமூகம் வாழ்கிறது. 193-ஆம் இதழ் அமைதியாக முடிந்தது ஏமாற்றம் தந்ததாகக் கருதிய வாசகர் சிலர், இந்தத் தகவலுக்குப்பின் அதை வேறு கோணத்தில் அணுகினர். அழிவில் முடிப்பது எழுத்தாளருக்கு எளிதாகவே இருந்திருக்கிறது. அதைத் தாண்டி மீட்சியை அடையவே நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்கள் தேவைப்பட்டன.

ஓர் ஒப்பீடு

பிரையன் கே. வான், பியா குவெரா இணைந்து உருவாக்கிய 'வை: தி லாஸ்ட் மேன்' பேரழிவுக்குப் பிந்தைய உலகைப் பற்றிய மற்றொரு அமெரிக்கத் தொடர். 2002இல் தொடங்கி 2008இல் 60 இதழ்களோடு நிறைவடைந்தது. அதன் கடைசி இதழும் பல பத்தாண்டுகள் தாவிச் செல்கிறது. ஆனால் அது முடியப்போவது வாசகருக்கு முன்பே தெரியும். ஆகவே அங்கே கதையின் சோகம் மட்டுமே விவாதமானது. முடித்த விதம் சர்ச்சையாகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாசகர்கள் காலத் தாவலை மறுப்பதில்லை என்பதும், அதற்குத் தங்களை ஆயத்தப்படுத்திக்கொள்ள நேரம் வேண்டுகிறார்கள் என்பதும் தெரிகிறது.

முடிவுக்குப் பின்

2020 ஜூலையில் 'நீகன் லிவ்ஸ்' என்ற தனி இதழ் வெளிவந்தது. பெருந்தொற்றால் வருமானம் இழந்த கடைகளுக்கு உதவ, அதன் பிரதிகள் கடைக்காரர்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டன. நீகனைப் பற்றிய வாசகர்களின் கேள்விக்கும் அது ஓரளவு விடையளித்தது. 2020 அக்டோபர் முதல் பழைய இதழ்கள் டேவ் மெக்கெய்க் வண்ணமிட்ட பதிப்பாக மீண்டும் வரத் தொடங்கின. இக்கதையைத் தழுவி 2010இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 2022இல் முடிந்தது. அதில் கார்ல் முன்பே இறந்துவிடுவதால் வரைகதையின் முடிவை அப்படியே எடுத்தாள முடியவில்லை.

மதிப்பீடு

193-ஆம் இதழ் தந்த வியப்பு அதை அந்த வாரமே வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைத்தது. இன்று 32 தொகுப்புகளாக வாசிப்பவருக்குக் கதை எங்கே முடிகிறது என்பது தொடக்கத்திலேயே தெரியும். முடித்த முறை பற்றிய சர்ச்சை அவரைத் தொடுவதில்லை. சொல்லப்பட்ட கதை மட்டுமே அவர்முன் நிற்கிறது.

கடைசி இதழின் உள்ளேயும் இதே வேறுபாடு இருக்கிறது. கார்ல் அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்தவன். ஆண்ட்ரியாவுக்கு அது புத்தகத்தில் உள்ள கதை. ஹெர்ஷலுக்கு அது காசு வாங்கிக் காட்டும் வேடிக்கை. நடைபிணங்களைப் பதினாறு ஆண்டுகள் காசு கொடுத்துப் பார்த்த வாசகரும் ஒருவகையில் அந்தக் கூண்டுக்கு வெளியே நின்றவர்தான். ஆனால் இத்தனை மரணங்களின் பயன் ஒரு குழந்தை பயமின்றிக் கதை கேட்பது என்று தொடர் சொல்கிறது. அதை ஏற்றவர்கள் நிறைவோடு புத்தகத்தை மூடினார்கள். ஏற்காதவர்களுக்கும் அந்த முற்றத்தைவிட்டுப் போக மனம் வரவில்லை என்பதையே அவர்களின் கோபம் காட்டியது.