பீலி அடைத்தால் கைமரம் இற்றுவிடும்

ஓட்டு வீடு ஒழுகினால் எல்லோரும் ஓட்டைத்தான் பார்க்கிறோம். உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டில் சாந்து பூசி, வேலை முடிந்ததென்று இறங்கிவிடுகிறோம். ஆனால் காரைக்குடிப் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ ஒரு பழைய கூரையைப் பிரிக்கும்போது போய்ப் பாருங்கள். நடுக்கூரை மரம் பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும். இற்றுப் போயிருப்பது இறவாணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கைமர நுனிகளும், அவற்றை மறைக்கும் விளிம்புப் பலகையும், இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயின் அடிமரமும்தான். மூன்றுக்கும் பக்கத்தில் இருப்பது ஒன்றே: மழைநீரை வடிக்கும், வருடக்கணக்கில் யாரும் கைவைக்காத தகரப் பீலி.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடிக் கூரையில், ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் 50 மி.மீ. கொட்டினால், 4,600 லிட்டருக்கு மேல் பீலி வழியாக இறங்கியாக வேண்டும். பீலியில் வேப்பிலையும் புளியஞ்சருகும் மட்கி மண்ணாகி, அதில் அரசங்கன்று முளைத்திருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? முன்பக்கம் வழிந்தால் சுவர் நனையும். பின்பக்கம் ஏறினால் ஓட்டு விளிம்புக்கு அடியில் புகுந்து கைமர நுனியைத் தொடும். ஆபத்து இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது, ஏனென்றால் அது கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

மரத்தின் பக்கவாட்டைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதை அரிக்க முடியாது. அதைத் தாண்டி ஈரம் ஏறி, வாரக்கணக்கில் காயாமல் நின்றால் அரிப்பு தொடங்கிவிடும். ஈரம் கண்ட மரத்தைத் தேடிக் கறையானும் வரும். “எங்கள் வீடு பர்மா தேக்கு, ஒன்றும் ஆகாது” என்பார்கள். தேக்கின் வைரத்துக்கு அந்த வலு உண்டு. அதே மரத்தின் வெளுத்த வெளிப்பகுதிக்குக் கிடையாது. வைரமும்கூட ஆண்டுக்கணக்கில் ஊறினால் தாங்காது.

கெட்டுவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். விளிம்புப் பலகையில் வர்ணம் கொப்பளித்திருக்கிறதா, சுவரில் பீலிக்குக் கீழே நீளமாகப் பாசி படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் கைமர நுனியை அழுத்துங்கள். நல்ல மரம் தடுக்கும். இற்ற மரத்தில் முனை உள்ளே இறங்கும். மரம் சிறுசிறு கட்டங்களாக வெடித்திருந்தால் பூஞ்சை ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்ட தாழ்வாரத்தின் கீழ் குழந்தைகளை விளையாடவிடாதீர்கள். தேங்கிய பீலி நீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இனப்பெருக்க இடம் என்பதையும் மறக்கவேண்டாம். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு அமைப்புக்கும், அடைத்த பீலியிலிருந்து ஒழுங்காகத் தண்ணீர் போய்ச் சேராது.

வாடகை வீடாக இருந்தால் பீலியை யார் சுத்தம் செய்வது? பெரும்பாலான சண்டை இங்கேதான். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பு வேலைகளை ஓர் அட்டவணையில் பிரித்துத் தருகிறது. வாடகைதாரரால் வந்த சேதம் தவிர, கட்டமைப்புப் பழுது உரிமையாளருடையது. வடிகால் சுத்தம் செய்வது வாடகைதாரருடையது. கூரைப் பீலி என்று அதில் பெயர் சொல்லவில்லை. “வடிகால்தானே, நீ செய்” என்று உரிமையாளர் சொல்ல, “கூரை உங்களுடையது” என்று வாடகைதாரர் சொல்ல, நடுவில் மரம் ஊறுகிறது. என் கருத்தில், ஏணி வைத்து ஓட்டு விளிம்பில் செய்யவேண்டிய வேலையை வாடகைதாரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஆண்டுக்கு எத்தனை முறை, யார் செலவில்.

ஒழுகலைக் கண்ட உடனே தேதியுடன் படம் எடுத்து, உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது வாடகைதாரருக்குப் பெரிய பாதுகாப்பு. தெரிவித்தும் அவர் தம் பொறுப்பில் உள்ள பழுதைச் சரிசெய்யாவிட்டால், நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். தகராறு முற்றினால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

கூரைத் தண்ணீரை அடுத்த வீட்டு மனையில் விழவிடுவது நம் உரிமை அல்ல. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, பொதுவாகத் தடையின்றி 20 ஆண்டுகள் உரிமையாக அனுபவித்து வந்தாலோ, ஒப்புதல் பெற்றிருந்தாலோதான் அப்படியோர் உரிமை உருவாகும். உங்கள் சுவர்மீது பக்கத்து வீட்டுப் பீலி கொட்டினால் பேசித் தீர்க்கப் பாருங்கள். முடியாவிட்டால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். மரம் இற்றால் வீட்டுக் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்பி இருக்கவேண்டாம். புயல், வெள்ளம் போன்ற, பாலிசியில் பெயர் குறித்த ஆபத்துகளுக்கே அது பணம் தரும். மெல்ல மெல்ல இற்ற மரம் அந்தப் பட்டியலில் வராது. கூரை வேலைக்குக் காசு வாங்கிவிட்டு அரைகுறையாகச் செய்தவர்மீது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

மாசி, பங்குனியில் இலை உதிர்ந்த பிறகு ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை பீலியை வழித்தெடுத்தாலே பாதிச் சேதம் நிற்கும். மரம் அடர்ந்த வீட்டுக்கு மழைக்கு நடுவிலும் ஒரு தடவை வேண்டும். பீலிக்குப் பத்தடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் இருக்கவேண்டும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இற்ற நுனியை நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்து ஒட்டுப் போடச் சொல்லுங்கள். புது வெட்டுமுனைக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயோ மரக்காப்பு மருந்தோ ஊற ஊறத் தடவவேண்டும். ஈரம் காயாத மரத்தில் வர்ணம் அடிக்கவே கூடாது. அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

வேலைக்கு ஆள் ஏற்றும்போது, மின்வாரிய சர்வீஸ் ஒயர் இறவாணத்தை ஒட்டிப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால், வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே ஏணி சாத்தவேண்டும். ஓட்டின்மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள். அடிமரம் இற்றிருக்கிறதோ என்ற சந்தேகம் இருக்கும் பக்கத்தில் ஏணியைச் சாத்தாதீர்கள்.