பீட்டில் காரின் 36 மி.மீ. நட்டு

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்சக்கர மூடியைக் கழற்றினால் நடுவில் 36 மி.மீ. நட்டு ஒன்று தெரியும். பிரேக் டிரம்மை அச்சோடு பிடித்திருப்பது அதுதான். பின்பிரேக்கில் கை வைக்க வேண்டுமானால் முதலில் அது கழன்றாக வேண்டும். மாட்டும்போதே 217 பவுண்டு-அடி, அதாவது ஏறத்தாழ 294 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுத்து இறுக்கப்படுவது. பல வருடத் துருவும் சேர்ந்துவிட்டால் கழற்ற அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும்.

கணக்கு எளிது. அறுபது கிலோ எடையுள்ளவர் 30 செ.மீ. கைப்பிடியில் ஏறி நின்றாலும் கிடைப்பது சுமார் 176 நியூட்டன் மீட்டர்தான். அதே ஆள் கைப்பிடியில் செருகிய ஒரு மீட்டர் குழாயின் நுனியில் நின்றால் கிட்டத்தட்ட 590. ஆகவே பலசாலியைத் தேடுவதைவிட நீளமான கம்பியைத் தேடுவது மேல்.

நீளம் கூடும்போது பலவீனமான இடம் கருவிக்குள் போய்விடும். சாக்கெட்டைத் திருப்பும் நீண்ட கைப்பிடியான பிரேக்கர் பார் அரை அங்குலச் சதுர முனையுள்ளதாக இருந்து, அதில் குழாயைச் செருகி அழுத்தினால், நட்டுக்கு முன்னால் அந்த முனையே முறியக்கூடும். இதற்கு முக்கால் அங்குல பார்தான் சரி. சாக்கெட் ஆறு பட்டையாக இருக்கட்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் முனைகளை மட்டுமே பிடிப்பதால் தேய்ந்த நட்டில் வழுக்கும். ஸ்க்ரூ ஸ்பேனரும் பைப் ரிஞ்சும் இந்த வேலைக்கு எதிரிகள். நட்டின் மூலைகளை மழுக்கிவிட்டு, அடுத்து வருபவருக்கு உளி வேலையை வைத்துவிட்டுப் போகும்.

இடம் குறுகலானால் சுத்தியலால் அடிக்கவென்றே தடித்த பிடியோடு வரும் ஹேமர் ஸ்பேனர் உதவும். ஒரே சீரான தள்ளலுக்கு அசையாத துரு, அடியின் அதிர்ச்சிக்கு விட்டுக்கொடுப்பதுண்டு. இம்பேக்ட் கன்னும் அதைத்தான் செய்கிறது. அதற்கு கறுப்பு நிற இம்பேக்ட் சாக்கெட் வேண்டும், பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடித்துச் சிதறலாம். பற்சக்கரங்களால் விசையைப் பெருக்கும் கருவியும் உண்டு. விலை அதிகம், ஆனால் ஒற்றை ஆளுக்கு அதுவே நிம்மதி.

கம்பியை மாட்டுமுன், நட்டு சுழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவியாக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைப்பது நல்லது. சக்கரம் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் இருக்கும்போதே நட்டை முதலில் அசைக்க வேண்டும்; ஜாக்கியில் தூக்கிய காரில் குழாயில் தொங்கி இழுப்பது உயிரோடு விளையாட்டு. திரும்ப மாட்டுகையில் காட்டர் பின் துளை நேராக அமையாவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்திச் சேர்க்கக் கூடாது.

வாங்கிய சாக்கெட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: எஞ்சினின் ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் நட்டும் அதே 36 மி.மீ.தான்.