தொடக்கப்பள்ளி மாணவர்களின் மனவெழுச்சி நெறிப்படுத்தலில் புலன்சார் கருவிகளின் இடம்

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் பிரிவு 17 குழந்தைக்கு உடல்சார் தண்டனை அளிப்பதையும் மனத்துன்பம் விளைவிப்பதையும் தடை செய்கிறது. பிரம்பை விலக்கிய அப்பிரிவு, அதற்கு மாற்றாக ஆசிரியர் கையாள வேண்டியது யாது எனக் கூறவில்லை. நோட்டைக் கிழித்தெறிந்து, அருகிலிருப்பவனை அடித்து, தரையில் புரண்டு அழும் ஏழு வயதுப் பிள்ளையின் முன் நிற்பவருக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. இவ்வினாவுக்கு அண்மைக்காலத்தில் முன்வைக்கப்படும் விடைகளுள் ஒன்று புலன்சார் கருவிகள். அவை செயற்படும் முறையையும் பயனற்றுப்போகும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இக்கருவிகளுக்கான கோட்பாட்டு அடித்தளத்தை அமைத்தவர் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சை வல்லுநரான ஏ. ஜீன் அயர்ஸ். புலன் ஒருங்கிணைப்பும் கற்றல் குறைபாடுகளும் குறித்த அவரது நூல் 1972-இல் வெளிவந்தது. பார்வை, கேள்வி ஆகியவற்றைவிடத் தொடுவுணர்வு, உட்செவி சார்ந்த சமநிலை உணர்வு, தசைகளும் மூட்டுகளும் தரும் உடல்நிலை உணர்வு ஆகிய மூன்றுக்கும் அவர் முதன்மை அளித்தார். உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும் தொல்காப்பிய மரபியலும் தொடுவுணர்வையே முதலறிவாக வைக்கிறது. மெய்ப்பாட்டியலோ உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசுகிறது. இவ்வொப்புமையைக் கொண்டு அயர்ஸின் கோட்பாடு தமிழில் முன்பே இருந்தது என வாதிடுவது மிகையாகும். எனினும், உணர்ச்சியை உடலிலிருந்து பிரித்துக் காணாத நோக்கு தமிழாசிரியருக்குப் புதிதன்று.

ஈராசிரியர் பள்ளியொன்றின் மழைநாளைக் கருதலாம். ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்புகள். கூரையில் மழையின் பேரொலி. ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்குகிறது. மற்றொன்று பலகைகளுக்கிடையே ஓடத் தொடங்குகிறது. புறத்தூண்டல் ஒன்றே, தேவைகள் இரண்டு. முதற் பிள்ளைக்குத் தூண்டல் குறைய வேண்டும். இரண்டாவதற்குத் தசைகள் உழைக்கும் வேலை வேண்டும். மெல்லிய, சீரான ஆட்டம் பொதுவாக அமைதிப்படுத்தும். விரைவான சுழற்சி கிளர்ச்சியூட்டும். ஆகவே, இருவர் கையிலும் ஒரே மென்பந்தைக் கொடுத்துவிட்டுப் பணி முடிந்தது எனக் கருதுவது கருவியையும் பிள்ளையையும் ஒருங்கே தவறாகப் புரிந்துகொள்வதாகும்.

விலை கொடுத்து வாங்கும் கருவிகளே தேவை என்பதும் இல்லை. பிசைவதற்குக் களிமண், கை அளைவதற்கு ஒரு தட்டில் புளியங்கொட்டை, அடுத்த அறைக்குச் சுமந்து செல்ல ஒரு புத்தகக் கட்டு, இரு கைகளாலும் தள்ளுவதற்கு ஒரு சுவர் ஆகியன போதும். பல்லாங்குழியையும் இவ்வரிசையில் சேர்ப்போர் உண்டு. ஆனால் அது வெற்றி தோல்வியுள்ள ஆட்டம். சினந்திருக்கும் பிள்ளைக்கு உதவக்கூடியவை சோழிகளேயன்றி ஆட்டமன்று.

ஆய்வுச் சான்றுகளைப் பொறுத்தவரை அடக்கம் தேவை. புலன்சார் சிகிச்சைகளின் பயன் குறித்த ஆய்வுகள் குறைவானவை, முடிவு எட்டாதவை என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் தனது கொள்கை அறிக்கையில் குறிப்பிட்டது. எடைகூட்டிய மேலாடைகளுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2017-இல் உலகெங்கும் பரவிய பிட்ஜெட் ஸ்பின்னர் வேறொரு சிக்கலைக் காட்டியது: கைக்கு வேலை தரவேண்டிய பொருள் கண்ணைக் கவர்ந்தால் கவனம் பாடத்தை விட்டு அதன்பாற் செல்கிறது. கருவி கவனத்தைத் தன்பால் ஈர்க்காதவாறு இருத்தல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் எளிய அளவுகோல்.

இவற்றினும் பெரிய இடர் வகுப்பறை வழக்கத்திலேயே உள்ளது. “அடங்காவிட்டால் அந்த மூலைக்குப் போ” என்று ஒருமுறை சொன்னாலே அமைதி மூலை தண்டனை மூலையாகிவிடும். பிரம்பு போன இடத்தில் பாய் வந்திருக்கும், அவ்வளவே. நன்னடத்தைக்குப் பரிசாகக் களிமண் தருவதும் அதே பிழையின் மறுபக்கம். அது மிகுதியாகத் தேவைப்படும் பிள்ளைக்கே அப்போது அது கிடைக்காமற்போகும். கருவியின் பயன்பாட்டை அமைதியான வேளையில், வகுப்பிலுள்ள அனைவருக்கும் கற்பித்தல் வேண்டும். கொந்தளிப்பின் நடுவே எப்பிள்ளையும் புதிதாக எதையும் கற்பதில்லை. தன்னைத் தானே நெறிப்படுத்தும் திறன் இவ்வயதில் முதிர்ந்திராததால், முதலில் ஆசிரியரின் தாழ்ந்த குரலும் அருகிருப்புமே பிள்ளையை ஆற்றுகின்றன. எப்பொழுது, எதன்பின் கொந்தளிப்பு எழுந்தது, எப்பொருள் கொடுத்தபின் தணிந்தது என ஆசிரியர் இரு வாரம் குறித்துவந்தால், அப்பிள்ளைக்குரிய கருவி எதுவென்பது பெரும்பாலும் அக்குறிப்பிலேயே தெரியும்; எதனாலும் தணியவில்லை எனில், சிறப்பாசிரியரிடமோ மருத்துவரிடமோ கொண்டுசெல்ல வேண்டியதும் அதே குறிப்பேடுதான்.