நங்கூர மோட்டாருக்கு எத்தனை எம்எம் வயர்? நான் போட்ட தப்புக் கணக்கு

போன மாசம் பிரிஸ்பேன்ல இருக்கிற எங்க பெரியம்மா பையன் போன் பண்ணினார். பழைய பாய்மரப் படகு ஒன்னு வாங்கியிருக்கார். "தம்பி, நங்கூரம் தூக்குற மோட்டாருக்கு வயர் இழுக்கணும். 12 வோல்ட், 1000 வாட்ஸ். எத்தனை எம்எம் வாங்கட்டும்?"

இன்ஜினியரிங் படிச்சவனாச்சே! அஞ்சே நிமிஷத்துல, "16 ஸ்கொயர் எம்எம் போதும்ணா"ன்னு சொல்லிட்டேன். அது தப்பு. எங்கே தப்பு பண்ணினேன்ங்கிறதுதான் இந்த எபிசோட்.

இந்த மெஷினுக்கு விண்ட்லஸ்னு பேரு. படகோட முன்முனையில உட்கார்ந்து, சங்கிலியோட நங்கூரத்தை மேலே இழுக்கும். பேட்டரி இருக்கிறதோ பின்பக்கம். அண்ணன் படகுல வயர் ஓடுற தூரம் 10 மீட்டர்.

வீட்ல 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ், 230 வோல்ட்ல 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல எடுக்கும். அதே 1000 வாட்ஸ் 12 வோல்ட்ல வேணும்னா 83 ஆம்பியர். நங்கூரம் சேத்துல மாட்டிக்கிட்டா இன்னும் ஏறும். 100ன்னு வெச்சுக்குவோம்.

"100 ஆம்பியர் தாங்குற வயர் எது?"ன்னு மட்டும் பார்த்தா பத்தாது. தாங்குறது வேற, கொண்டுபோய்ச் சேர்க்கிறது வேற. செம்புக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு, அதனால வழியிலேயே கொஞ்சம் வோல்டேஜ் தொலையும். 230ல 2 வோல்ட் போனா யாருக்கும் தெரியாது. 12ல 2 போனா ஆறுல ஒரு பங்கு காலி.

அமெரிக்காவோட ஏபிஒய்சி படகுத் தரநிலைப்படி, நேவிகேஷன் லைட் மாதிரி முக்கியமானதுக்கு 3 சதவீதம் வரைக்கும்தான் இழக்கலாம், மத்ததுக்கு 10 சதவீதம். விண்ட்லஸுக்கு 10னு எடுத்தா 1.2 வோல்ட்.

கணக்கு சிம்பிள். செம்போட எண் 0.0175. அதை வயர் நீளத்தாலயும் ஆம்பியராலயும் பெருக்கி, இழக்கக்கூடிய வோல்ட்டால வகுக்கணும். நான் நீளம் 10 மீட்டர்னு போட்டேன். 14.6 வந்துச்சு, கடையில அதுக்கு அடுத்த சைஸ் 16.

ஆனா கரண்ட் போனா மட்டும் போதுமா? திரும்பி வரணுமே! பாசிட்டிவ் 10, நெகட்டிவ் 10, மொத்தம் 20 மீட்டர். விடை 29. வாங்க வேண்டியது 35 ஸ்கொயர் எம்எம்.

நான் சொன்ன 16ஐப் போட்டிருந்தா 2.2 வோல்ட் வழியிலேயே போயிருக்கும். மோட்டாருக்குக் கிடைக்கிறது 9.8தான். மீதி சும்மா போகாது; 220 வாட்ஸ் சூடா வயர்லயே இறங்கும். அந்த வயர் ஓடுறது மெத்தைக்கு அடியில, மர அலமாரிக்குப் பின்னால.

ராத்திரி ரெண்டு மணிக்குக் காத்து திசை மாறி, படகைக் கரைப் பாறைப் பக்கம் தள்ளுதுன்னு வைங்க. அப்பதான் நங்கூரத்தை உடனே தூக்கியாகணும். அந்த நேரம் பார்த்து மோட்டார் மெதுவா முனகும், கடைசி இழுப்புல நின்னே போகலாம்.

இன்னும் சில விஷயம். ஃபியூஸை பேட்டரி பக்கத்துலயே போடுங்க. அது முதல்ல காப்பாத்துறது வயரைத்தான், மோட்டாரை இல்ல. உப்புக் காத்துக்கு, தகரப் பூச்சு போட்ட செம்பு வயர் நல்லது. லக்கை சரியான டூல் வெச்சு அழுத்தணும். லூஸான ஒரு ஜாயிண்ட், தடிமனான வயரையும் வீணாக்கிடும். நங்கூரம் தூக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, படகை அதுக்கிட்ட கொண்டுபோங்க. படகையே இழுக்குறது விண்ட்லஸ் வேலை இல்ல. மோட்டார் கம்பெனி மேனுவல் இதைவிடத் தடிமனா கேட்டா, அதுதான் கடைசி வார்த்தை.

24 வோல்ட் மோட்டாரா இருந்தா? கரண்ட் பாதி, இழக்கக்கூடிய வோல்ட் ரெண்டு மடங்கு. அதே கணக்குல 7.3தான் வரும், 10 எம்எம் போதும். பெரிய படகுகள்ல 24 வோல்ட் இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அண்ணன் கடைக்குப் போறதுக்குள்ள திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். "நல்லவேளைடா தம்பி, இல்லேன்னா சங்கிலியை உன்னையே இழுக்க வெச்சிருப்பேன்"னார்.

உங்க வீட்டு இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற வயர் ஏன் அவ்வளவு குட்டையா, அவ்வளவு தடியா இருக்குன்னு இப்ப புரியுதா? அதே கணக்குதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!